கொமாட்டியைட்: ஆதிப் புவி எவ்வளவு சூடாக இருந்தது?

1. கேள்வி

இன்று உலகில் எந்த எரிமலையும் கொமாட்டியைட் குழம்பைக் கக்குவதில்லை. நமக்குக் கிடைப்பவை அதன் பழைய எச்சங்கள் மட்டுமே. அவற்றில் பெரும்பாலானவை 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலையிலிருந்து வழியும் பசால்ட்டுக் குழம்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1150 டிகிரி செல்சியஸ். கொமாட்டியைட்டோ 1600 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தரைக்கு வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடப்படுகிறது. இரும்பு 1538 டிகிரியில் உருகிவிடும். அப்படியென்றால் இரும்பையே உருக்கக்கூடிய பாறைக்குழம்பு ஆதிக் கடல்தரைகளில் ஓடியிருக்கிறது.

இந்தக் கணக்கு சரிதானா என்பது புவியின் வரலாற்றையே தொடும் கேள்வி. குழம்பு அவ்வளவு சூடாக வந்திருந்தால், அதைப் பெற்ற புவியின் உட்புறமும் இன்றைவிட மிகச் சூடாக இருந்திருக்க வேண்டும். அந்த வெப்பத்தைப் பொறுத்தே அக்காலப் புவித்தட்டுகள் எப்படி நகர்ந்தன, கண்டங்கள் எப்படி உருவாயின, கடலடியின் மேலோடு எவ்வளவு தடிமனாக இருந்தது என்பவையெல்லாம் அமையும். ஆனால் பாறையில் நீர் கரைந்திருந்தால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகும். கொமாட்டியைட்டின் மூலத்தில் நீர் இருந்ததென்றால் மேற்சொன்ன எண்கள் எல்லாம் கீழிறங்க வேண்டியிருக்கும்.

ஆக, அரை நூற்றாண்டாக நடக்கும் விவாதத்தின் சாரம் இதுதான்: கொமாட்டியைட் வறண்ட பெருவெப்பத்தின் விளைவா, நீரால் எளிதாகிய உருகலின் விளைவா? இரு தரப்பு ஆதாரங்களையும் இக்கட்டுரை எடைபோடுகிறது. குழம்பின் வெப்பநிலை, அக்குழம்பு பிறந்த இடத்தின் வெப்பநிலை, புவி முழுவதன் சராசரி வெப்பநிலை ஆகிய மூன்றும் இவ்விவாதத்தில் பலமுறை ஒன்றாகக் குழப்பப்பட்டிருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் ஆதாரங்கள் ஒழுங்குபடும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. பாறையின் கலவையும் தோற்றமும்

தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் மலைப்பகுதியில் ஓடும் கொமாட்டி ஆற்றின் பெயரே இப்பாறைக்கு வைக்கப்பட்டது. மோரிஸ் வில்யூன், ரிச்சர்ட் வில்யூன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 1969இல் இதைத் தனியொரு எரிமலைப் பாறை வகையாக அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். அவர்கள் விவரித்த பாறைகளின் வயது ஏறத்தாழ 348 கோடி ஆண்டுகள்.

பாறையின் அடையாளம் அதன் மக்னீசியத்தில் இருக்கிறது. கடலடி முகடுகளில் இன்று உருவாகும் பசால்ட்டில் மக்னீசியம் ஆக்சைடு எடையில் சுமார் 8 சதவீதம், சிலிக்கா சுமார் 50 சதவீதம். கொமாட்டியைட் என்று ஒரு பாறையை அழைக்க அதில் மக்னீசியம் ஆக்சைடு 18 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். சிலிக்கா 52 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டைட்டானியம் ஆக்சைடு 1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். சோடியமும் பொட்டாசியமும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நல்ல மாதிரிகளில் மூலக்குழம்பின் மக்னீசியம் ஆக்சைடு 25 முதல் 30 சதவீதம் வரை எட்டுகிறது.

மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் பெரும்பாலும் பெரிடோடைட் என்னும் பாறையால் ஆனது. அதில் மக்னீசியம் ஆக்சைடு 38 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அப்பாறை சூடேறும்போது எளிதில் உருகும் பகுதி முதலில் திரவமாகிறது. மக்னீசியம் செறிந்த ஆலிவின் கனிமம் கடைசி வரை திடமாக நிற்கிறது. பெரிடோடைட்டில் பத்து, இருபது சதவீதம் உருகினால் பசால்ட்டுக் குழம்பு கிடைக்கும். கொமாட்டியைட்டின் கலவை வேண்டுமென்றால் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை உருக வேண்டும். குழம்பில் மக்னீசியம் கூடுவது உருகலின் அளவு கூடியதற்கு அடையாளம். நீர் இல்லாத நிலையில் அது வெப்பம் கூடியதற்கும் அடையாளம்.

இதைக் கொண்டே ஓர் எளிய கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. வறண்ட குழம்பில் மக்னீசியம் ஆக்சைட்டின் சதவீதத்தை 20ஆல் பெருக்கி 1000ஐக் கூட்டினால் ஆலிவின் படிகமாகத் தொடங்கும் வெப்பநிலை தோராயமாகக் கிடைக்கும். 30 சதவீதத்துக்கு 1600 டிகிரி. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன எண் இப்படி வந்ததுதான். ‘வறண்ட’ என்னும் நிபந்தனையோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இத்தகைய குழம்பின் பாகுநிலை மிகக் குறைவு. பசால்ட்டுக் குழம்பின் பாகுநிலை பத்து முதல் நூறு பாஸ்கல்-வினாடி வரை இருக்க, கொமாட்டியைட்டுக்கு 0.1 முதல் 1 வரை மதிப்பிடப்படுகிறது. விளக்கெண்ணெய் அளவுக்கோ அதைவிட இளக்கமாகவோ அது ஓடியிருக்கும். சில மீட்டர் தடிமனே உள்ள ஓட்டங்கள் பரந்து விரிந்ததற்கும், அடிப்புறம் கனமான ஆலிவின் படிகங்கள் எளிதில் படிந்து அடுக்காகியதற்கும் இதுவே காரணம்.

ஓட்டங்களின் மேற்பகுதியில் தகடு தகடாக, பல திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் ஆலிவின் படிகங்களைக் காணலாம். சில இடங்களில் ஒரு தகடு ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலிய வறள்நிலத்தில் வளரும் முள்ளான புல்லை நினைவூட்டுவதால் அந்நாட்டுப் புவியியலாளர்கள் இவ்வமைப்பை ஸ்பினிஃபெக்ஸ் என்றழைத்தனர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மன்ரோ பகுதியிலுள்ள பைக் குன்றில் 1970களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட நுட்பமான கள ஆய்வு, மேலே ஸ்பினிஃபெக்ஸ், கீழே படிந்த ஆலிவின் என ஒவ்வொரு ஓட்டமும் இரண்டு பகுதிகளாக அமைந்திருப்பதைத் தெளிவாக்கியது. இவை தரையில் ஓடிய எரிமலைக் குழம்புகள்தாம் என்பது அதோடு பெரும்பாலும் உறுதியாயிற்று.

3. இடமும் காலமும்

கொமாட்டியைட் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் மிகப் பழைய கண்டத் திட்டுகளின் பசும்பாறைப் பட்டைகளில் அடங்குகின்றன. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன், ஜிம்பாப்வேயின் பெலிங்வே, கனடாவின் அபிடிபி, மேற்கு ஆஸ்திரேலியாவின் யில்கார்ன், ரஷ்யாவின் கரேலியப் பகுதியில் கொஸ்டோமுக்ஷா ஆகியவை பெயர்பெற்றவை. கால அளவில் பார்த்தால் பார்பர்டன் பாறைகள் 350 கோடி ஆண்டுகளை ஒட்டியும், பெலிங்வே, அபிடிபி, யில்கார்ன் பாறைகள் 270 கோடி ஆண்டுகளை ஒட்டியும் வருகின்றன. இரண்டாவது காலகட்டத்தில்தான் இப்பாறை மிக மிகுதியாக வெளிவந்தது.

நமக்கு அருகில், கர்நாடகத்தின் மேற்குத் தார்வார் திட்டிலும் கொமாட்டியைட் உண்டு. சித்ரதுர்கா மாவட்டத்தின் கட்டிஹொசஹள்ளி அருகே உள்ள பாறைகளில் ஸ்பினிஃபெக்ஸ் அமைப்பு அடையாளம் காணப்பட்டிருக்கிறது. சமாரியம்-நியோடிமியம் முறையில் மேற்குத் தார்வார் கொமாட்டியைட்டுகளுக்கு ஏறத்தாழ 335 கோடி ஆண்டு வயது கிடைத்துள்ளது. தென்னிந்திய நிலப்பரப்பின் மிகப் பழைய எரிமலைப் பதிவுகளுள் இவை அடங்கும்.

250 கோடி ஆண்டுகளுக்குப் பின் இப்பாறை அரிதாகிறது. பிற்காலத்தைச் சேர்ந்தவற்றுள் மிகவும் பேசப்படுவது கொலம்பியாவின் கடற்கரைக்கு அப்பாலுள்ள கோர்கோனாத் தீவில் கிடைப்பது. அதன் வயது சுமார் 9 கோடி ஆண்டுகள். ஸ்பினிஃபெக்ஸ் அமைப்பும் அங்கே தெளிவாக உண்டு. ஆனால் அதன் மூலக்குழம்பு 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகள் அளவுக்கு மக்னீசியம் செறிந்ததாகத் தெரியவில்லை. பழங்காலத்தில் மிகுதி, பின்னர் அருமை, இன்று இன்மை என்னும் இந்த வரிசையே புவி உட்புறம் குளிர்ந்து வருகிறது என்ற கருத்துக்கு முதல் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

4. பழைய மறுப்பும் வறண்ட வெப்பக் கருத்தும்

கொமாட்டியைட் கண்டறியப்படுவதற்கு முன்பே இந்த விவாதத்தின் வேர் ஊன்றிவிட்டது. பாறை உருவாக்கத்தை ஆய்வகத்தில் சோதித்த முன்னோடியான நார்மன் போவன், மக்னீசியம் மிகுந்த குழம்பு இயற்கையில் திரவமாக வந்திருக்க முடியாது என்று கருதினார். அதற்கு வேண்டிய வெப்பம் நம்ப முடியாத அளவு அதிகம் என்பது அவர் வாதம். பெரிடோடைட் என்பது வேறொரு குழம்பிலிருந்து படிகங்கள் அடியில் படிந்து சேர்ந்த பாறை என்றே அவர் விளக்கினார். ஹாரி ஹெஸ் 1938இல் நீர் கலந்த பெரிடோடைட் குழம்பு குறைந்த வெப்பத்தில் இருந்திருக்கலாம் என்றார். போவனும் டட்டிலும் 1949இல் வெளியிட்ட சோதனை முடிவுகள், நீரைச் சேர்த்தாலும் 1000 டிகிரிக்குக் கீழே அத்தகைய திரவம் உருவாகாது என்று காட்டின. வெப்பமா, நீரா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

தரையில் ஓடிக் குளிர்ந்ததற்கான தடயங்களோடு வில்யூன் சகோதரர்கள் 1969இல் காட்டிய பாறைகள் போவனின் மறுப்பை நேரடியாக எதிர்கொண்டன. நம்ப முடியாத வெப்பம் என்று ஒதுக்கப்பட்டதை இனி ஒதுக்க வழியில்லை. டேவிட் க்ரீன் 1975இல் பார்பர்டன் கொமாட்டியைட்டின் கலவையை ஆய்வகத்தில் உருக்கிப் பார்த்து, நீரில்லாமல் அது முழுத் திரவமாக வெளிவர 1650 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும் என்று காட்டினார்.

வேதியியலும் ஆழத்தைச் சுட்டியது. கொமாட்டியைட்டில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பார்பர்டன் வகையில் அலுமினியம் குறைவு. அலுமினியம் ஆக்சைட்டுக்கும் டைட்டானியம் ஆக்சைட்டுக்கும் உள்ள விகிதம் 10ஐ ஒட்டியிருக்கும். மன்ரோ வகையில் அவ்விகிதம் 20ஐ ஒட்டியிருக்கும். கவசப் பாறையில் இயல்பாக உள்ள விகிதமும் அதுவே. பார்பர்டன் வகையில் அலுமினியம் குறைவதற்கு உருகாமல் தங்கிவிட்ட கார்னெட் கனிமம் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இவ்வளவு மக்னீசியம் மிகுந்த குழம்போடு கார்னெட் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் உருகல் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நடந்திருக்க வேண்டும். அவ்வளவு ஆழத்தில் வறண்ட பெரிடோடைட்டை அந்த அளவு உருக்கப் பெரும் வெப்பம் தேவை.

இவற்றிலிருந்து, கவசத்தின் அடியாழத்திலிருந்து எழும் வெப்பத் தூண்களில் கொமாட்டியைட் பிறந்தது என்ற கருத்து உருவாயிற்று. இயன் காம்ப்பெல், ராஸ் க்ரிஃபித்ஸ், ஹில் மூவரும் 1989இல் இதற்குக் கூர்மையான வடிவம் கொடுத்தனர். எழும்போது தூணின் தலைப்பகுதி சுற்றியுள்ள பாறையைத் தன்னுள் இழுத்துக்கொண்டு குளிர்கிறது. அதிலிருந்து பசால்ட் வருகிறது. கலப்பின்றி வரும் சூடான தண்டுப்பகுதியிலிருந்து கொமாட்டியைட் வருகிறது. பசும்பாறைப் பட்டைகளில் பசால்ட்டும் கொமாட்டியைட்டும் சேர்ந்தே கிடப்பதற்கு இது இயல்பான விளக்கம்.

5. நிக்கல் தாதுவின் சாட்சியம்

வறண்ட வெப்பக் கருத்துக்கு எதிர்பாராத பக்கத்திலிருந்தும் ஆதரவு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவில் 1966இல் நிக்கல் சல்பைடு தாது கண்டறியப்பட்டது. தாதுப்படிவங்கள் கொமாட்டியைட் ஓட்டங்களின் அடியில், நீண்ட பள்ளங்களில் அடைந்து கிடந்தன. ஹெர்பர்ட் ஹப்பர்ட், ஸ்டீபன் ஸ்பார்க்ஸ் முதலியோர் 1984இல் வெளியிட்ட கணக்கீடு, இளக்கமாகவும் கொந்தளிப்பாகவும் ஓடிய சூடான குழம்பு தான் ஓடும் தரையையே உருக்கி அரித்திருக்கும் என்று காட்டியது. அரிக்கப்பட்ட கடலடிப் படிவுகளிலிருந்த கந்தகம் குழம்பில் கலந்தது. அந்தக் கந்தகத்தோடு நிக்கல் சேர்ந்து கனமான சல்பைடாக அடியில் தங்கியது.

ஆண்ட்ரே பெக்கரும் உடனாய்வாளர்களும் 2009இல் இத்தாதுக்களின் கந்தக ஐசோடோப்புகளை அளந்தனர். ஆக்சிஜன் இல்லாத பழைய வளிமண்டலத்தில் சூரியஒளி பட்டு நிகழும் வேதிமாற்றம் மட்டுமே விட்டுச்செல்லும் தனித்தடம் அவற்றில் இருந்தது. அக்கந்தகம் ஒரு காலத்தில் வளிமண்டலத்தில் இருந்து, கடலடியில் படிந்து, பின்னர் கொமாட்டியைட்டால் உருக்கி எடுக்கப்பட்டது என்பதை அது மெய்ப்பித்தது. தன் தரையை உருக்கி விழுங்கும் திறன் கொண்ட குழம்பு என்ற விளக்கத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. ஆயினும் எத்தனை டிகிரி என்பதை இது தீர்மானிப்பதில்லை. 1450 டிகிரியில் ஓடும் இளகிய குழம்பும் ஈரமான படிவுகளை அரிக்கும்.

6. நீரின் தரப்பு

க்ளோட் அலெக்ர் 1982இலேயே கொமாட்டியைட்டின் மூலத்தில் நீர் இருந்திருக்கலாம் என்று எழுதினார். அக்கருத்தை முழுமையான கோட்பாடாக வளர்த்தவர்கள் திமதி க்ரோவ், ஸ்டீவன் பார்மன், மார்ட்டின் டி விட், ஜெஸ்ஸி டான் ஆகியோர். 1990களின் இறுதியிலிருந்து அவர்கள் முன்வைத்த வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, பைராக்சீன் படிகங்கள். பார்பர்டன் கொமாட்டியைட்டில் உள்ள பைராக்சீனின் கலவையை ஆய்வகச் சோதனைகளோடு ஒப்பிட்டபோது, குழம்பில் 4 முதல் 6 சதவீதம் நீர் கரைந்திருந்தால்தான் அக்கலவை கிடைக்கும் என்று கண்டனர். அவ்வளவு நீர் கரைந்து நிற்க அழுத்தம் வேண்டும். எனவே இவற்றில் பல தரையில் ஓடியவையாக இல்லாமல், சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறை இடுக்குகளில் புகுந்து உறைந்தவையாக இருக்க வேண்டும் என்றனர். இரண்டாவது, அமைப்பு. பெரிய ஸ்பினிஃபெக்ஸ் தகடுகள் வளர நீர் உதவியிருக்கும் என்பதும், சில ஓட்டங்களில் வாயுக் குமிழிகளின் தடங்கள் காணப்படுவதும் நீருக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. மூன்றாவது, இன்றைய ஒப்புமை. ஜப்பானின் ஒகசவாராத் தீவுகளில் கிடைக்கும் போனினைட் என்னும் பாறை, ஒரு புவித்தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் இடங்களில், நீரின் உதவியால் கவசம் உருகிப் பிறக்கிறது. பார்பர்டன் பாறைகளின் சில வேதியியல் கூறுகள் அதை ஒத்திருக்கின்றன.

இவ்வாதம் சரியானால் பின்விளைவு மிகப் பெரியது. அமிழ்தல் மண்டலத்தில் நீருடன் கொமாட்டியைட் பிறந்திருந்தால், அக்காலக் கவசம் இன்றைவிட ஏறத்தாழ 100 டிகிரி மட்டுமே கூடுதல் வெப்பத்தோடு இருந்தால் போதும் என்று க்ரோவும் பார்மனும் 2004இல் எழுதினர். ஆதிப் புவியைப் பற்றி வரையப்பட்ட கொதிக்கும் சித்திரம் அதோடு கலைந்துவிடும்.

7. ஆதாரங்களை எடைபோடுதல்

நீரின் தரப்பு எழுப்பிய கேள்விகள் தேவையானவை. மூன்று வாதங்களையும் தனித்தனியே சோதிக்கும்போது அவற்றின் வலு ஒரே அளவாக இல்லை.

பைராக்சீன் வாதம் படிகம் சமநிலையில் வளர்ந்தது என்ற எடுகோளில் நிற்கிறது. ஓட்டங்களின் மேற்பகுதியில் குழம்பு வேகமாகக் குளிரும்போது வளரும் பைராக்சீன் சமநிலைக் கலவையை எட்டுவதில்லை. வறண்ட குழம்பை விரைவாகக் குளிர்வித்தாலும் அதே போன்ற கலவை கிடைக்க முடியும் என்பதால், அது நீருக்கு மட்டுமே உரிய அடையாளம் என்று கொள்ள இயலாது.

ஸ்பினிஃபெக்ஸ் வாதத்துக்கு ஒரு நியாயமான பின்புலம் உண்டு. பெரிய தகடுகள் ஓட்டத்தின் மேற்பரப்பிலிருந்து மீட்டர் கணக்கில் கீழே, குளிர்ச்சி மெதுவாக நடந்த இடத்தில் கிடக்கின்றன. வேகமான குளிர்ச்சியில் தோன்ற வேண்டிய வடிவம் அங்கே எப்படி வந்தது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. பிரான்சுவா ஃபோர், நிக்கொலஸ் ஆர்ண்ட், குய் லிபூரெல் ஆகியோர் 2006இல் இதற்கு விடை தந்தனர். மேலிருந்து கீழே வெப்பம் செங்குத்தாக ஏறும் நிலையை ஆய்வகத்தில் உண்டாக்கினால், மெதுவாகக் குளிரும் வறண்ட குழம்பிலும் ஸ்பினிஃபெக்ஸ் வளர்கிறது. நீர் இதற்கு அவசியமில்லை.

தரையில் ஓடியதா, இடுக்கில் உறைந்ததா என்பதைக் களம் தீர்த்தது. நீர்த் தரப்பின் உடனாய்வாளரான டான் பார்பர்டனில் செய்த விரிவான வரைபட ஆய்வு, கொமாட்டி அடுக்கின் பெரும்பகுதி ஓட்டங்களாகவே அமைந்திருப்பதை 2000இல் வெளிப்படுத்தியது. குமிழித் தடங்களைப் பதிவுசெய்தவரும் அவரே. தன் தரப்புக்கு எதிரானதையும் ஆதரவானதையும் ஒரே நேர்மையோடு முன்வைத்த அப்பணி இவ்விவாதத்தின் தரத்தை உயர்த்தியது. குமிழிகள் சில ஓட்டங்களில் ஏதோ வாயு இருந்ததைக் காட்டுகின்றன. 5 சதவீத நீரைக் காட்டவில்லை. அவ்வளவு நீர் கொண்ட குழம்பு தரையை நெருங்கும்போது அழுத்தம் குறைந்து நீர் ஆவியாகப் பிரிந்திருக்கும். நீரை இழந்த குழம்பின் உறைநிலை உயர்ந்து, அது வழியிலேயே படிகமாகியோ வெடித்துச் சிதறியோ போயிருக்கும். மெல்லிய, அமைதியான ஓட்டங்கள் அதிலிருந்து கிடைத்திருக்காது. ஆர்ண்ட் முதலியோர் 1998இல் எழுப்பிய இந்த மறுப்புக்கு இன்றும் போதிய பதில் இல்லை.

போனினைட் ஒப்புமையும் பாதி வழிதான் வருகிறது. அமிழ்தல் மண்டலக் குழம்புகளில் நியோபியம், டாண்டலம் குறைந்தும் பேரியம் போன்ற தனிமங்கள் மிகுந்தும் இருக்கும். பெரும்பாலான கொமாட்டியைட்டுகளில், குறிப்பாக மன்ரோ வகையில், அந்த அடையாளம் இல்லை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஏறத்தாழ எல்லாக் கொமாட்டியைட்டும் நெடுங்கால மாற்றத்துக்கு உட்பட்டது. ஆலிவின் பெரும்பாலும் நீர் கொண்ட சர்ப்பென்டைன் கனிமமாக மாறியிருக்கிறது. பாறையில் இன்று அளக்கப்படும் நீரில் பெரும்பகுதி பிற்காலத்தில் புகுந்தது. எளிதில் கரையும் தனிமங்கள் வெளியேறியிருக்கின்றன. முழுப்பாறைப் பகுப்பாய்வை மட்டும் வைத்து மூலக்குழம்பின் நீரைப் பற்றி எந்தத் தரப்பும் உறுதியாகப் பேச முடியாது.

8. ஆலிவினுக்குள் அடைபட்ட துளிகள்

இந்தத் தடையைக் கடக்க உதவியது மாற்றமடையாமல் தப்பிய ஆலிவின் படிகங்கள். ஒரு படிகம் வளரும்போது சுற்றியுள்ள குழம்பின் நுண்துளிகளைத் தன்னுள் அடைத்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே இருக்கும் அத்துளிகள் பல நூறு கோடி ஆண்டுகளாக மூலக்குழம்பைக் காத்து வந்திருக்கின்றன.

ஆண்ட்ரூ பெரியும் உடனாய்வாளர்களும் 2008இல் பெலிங்வே கொமாட்டியைட்டின் துளிகளில் இரும்பின் ஆக்சிஜனேற்ற நிலையை எக்ஸ் கதிர்கள் கொண்டு அளந்தனர். மொத்த இரும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே ஃபெரிக் (கூடுதல் ஆக்சிஜனேற்ற) நிலையில் இருந்தது. நீர் செறிந்த அமிழ்தல் மண்டலக் குழம்புகளில் இவ்வளவு குறைவாக இருப்பதில்லை. குழம்பு வறண்டும் மிகச் சூடாகவும் இருந்தது என்பது அவர்கள் முடிவு.

அலெக்சாண்டர் சோபொலெவும் உடனாய்வாளர்களும் 2016இல் அபிடிபியின் 270 கோடி ஆண்டுப் பழைய துளிகளில் நீரையே நேரடியாக அளந்தனர். மூலக்குழம்பில் சுமார் 0.6 சதவீதம் நீர் இருந்திருக்கிறது. க்ரோவ் தரப்பு சொன்ன 4 முதல் 6 சதவீதத்தைவிட இது மிகக் குறைவு. அதே சமயம் கொமாட்டியைட்டின் பிற சுவடுத் தனிமங்களை வைத்து எதிர்பார்க்கத்தக்க அளவைவிட மிக அதிகம். எழுந்து வந்த சூடான தூண், 410 முதல் 660 கிலோமீட்டர் வரையுள்ள கவசத்தின் இடைமாற்ற மண்டலத்தைக் கடக்கும்போது அங்கிருந்த நீரைப் பெற்றது என்று அவர்கள் விளக்கினர். அம்மண்டலத்துக் கனிமங்கள் தம் படிக அமைப்பிலேயே நீரைத் தாங்கக்கூடியவை. அதே குழுவினர் 2019இல் பார்பர்டன் பகுதியின் சுமார் 330 கோடி ஆண்டுப் பழைய கொமாட்டியைட்டிலும் இத்தகைய நீர்மிகுதியைக் கண்டனர்.

இத்துளிகளின் சாட்சியத்தையும் கவனத்தோடு ஏற்க வேண்டும். ஹைட்ரஜன் ஆலிவினூடே எளிதில் ஊடுருவக்கூடியது. நீண்ட காலத்தில் துளி நீரை இழக்கவும் பெறவும் வாய்ப்புண்டு. பழங்கடலின் உப்புநீர் குழம்பில் கலந்திருக்கவும் கூடும். குளோரின் போன்ற தனிமங்களையும் சேர்த்து அளந்து இந்த ஐயங்களை ஆய்வாளர்கள் எதிர்கொண்டிருக்கிறார்கள். வெவ்வேறு கண்டங்களின், வெவ்வேறு காலங்களின் மாதிரிகள் ஒரே திசையைக் காட்டுவதால், முடிவின் பொதுவடிவம் நம்பத்தக்கது என்றே தோன்றுகிறது. பெருவெப்பத்தோடு சிறிதளவு நீரும் இருந்தது என்பதே அம்முடிவு. 0.6 சதவீத நீர் குழம்பின் உறைநிலையைச் சில பத்து டிகிரிகள் குறைக்குமே ஒழிய, ஆதிப் புவியின் வெப்பச் சித்திரத்தை மாற்றாது.

9. மூன்று வெப்பநிலைகள்

குழம்பு சூடாக இருந்தது என்பதால் புவி முழுவதும் அதே அளவு சூடாக இருந்தது என்று முடிவுகட்டும் பழக்கம் பொதுநூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன பிரிவினை உதவுகிறது.

முதலாவது குழம்பின் வெப்பநிலை. மிக மக்னீசியம் செறிந்த கொமாட்டியைட்டுக்கு அது 1500 முதல் 1600 டிகிரி வரை. இரண்டாவது, அக்குழம்பு பிறந்த கவசப் பகுதியின் வெப்பநிலை. ஆழத்தில் அழுத்தத்தால் கூடும் வெப்பத்தைக் கழித்து, உருகாமல் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தால் இருக்கும் அளவாக அதைக் கணக்கிடுவது வழக்கம். கொமாட்டியைட்டின் மூலத்துக்கு அது 1700 டிகிரிக்கும் மேல். மூன்றாவது கவசம் முழுவதன் சராசரி. இன்று அது ஏறத்தாழ 1350 டிகிரி. கொமாட்டியைட் இந்த மூன்றாவதை நேராகக் காட்டுவதில்லை. தூணின் வெப்பம் சுற்றியுள்ள கவசத்தின் வெப்பத்தைவிட எப்போதும் அதிகம். அதனால்தான் அது மேலெழுகிறது.

சராசரியை அறிய, தூண்களோடு தொடர்பில்லாத சாதாரணப் பசால்ட்டுகளைத்தான் நாட வேண்டும். கிளாட் ஹெர்ஸ்பெர்க், கென்ட் காண்டி, ஜுன் கொரெனாகா மூவரும் 2010இல் அத்தகைய பசால்ட்டுகளைக் கொண்டு கணக்கிட்டு, 250 முதல் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் சராசரிக் கவசம் 1500 முதல் 1600 டிகிரி வரை இருந்தது என்றனர். இன்றைவிட 150 முதல் 250 டிகிரி அதிகம். இது பெரிய வேறுபாடுதான். ஆனால் கொமாட்டியைட்டை மட்டும் வைத்து ஊகிக்கத் தோன்றும் 350, 400 டிகிரியைவிடக் குறைவு. நீர்த் தரப்பு உள்ளுணர்வால் எட்ட முயன்ற மிதமான சித்திரத்துக்கு ஓரளவு நியாயம் வேறு வழியில் கிடைக்கிறது.

கொமாட்டியைட் சராசரிக் கவசத்தின் பிரதிநிதி இல்லை என்பதற்கு ஐசோடோப்புகளும் சான்று தருகின்றன. மத்தியூ டூபூல், இகோர் புக்டெல், ரிச்சர்ட் வாக்கர் ஆகியோர் 2012இல், கொஸ்டோமுக்ஷாவின் 280 கோடி ஆண்டுப் பழைய கொமாட்டியைட்டில் டங்ஸ்டன்-182 ஐசோடோப்பு இயல்பைவிடச் சற்றே மிகுந்திருப்பதைக் கண்டனர். அதைத் தரும் ஹாஃப்னியம்-182 சூரியமண்டலம் தோன்றிய சில கோடி ஆண்டுகளிலேயே முற்றிலும் சிதைந்துபோனது. எனவே புவி தோன்றிய தொடக்கத்திலேயே பிரிந்துபோன ஒரு கவசப் பகுதி 170 கோடி ஆண்டுகளுக்குமேல் மற்றவற்றோடு கலக்காமல் ஆழத்தில் இருந்து, பின்னர் கொமாட்டியைட்டாக வெளிவந்திருக்கிறது. இத்தகைய தனித்த மூலத்திலிருந்து வந்த பாறையைக் கொண்டு கவசம் முழுவதையும் அளப்பது பொருந்தாது.

10. முடிவுரை

எடைபோட்ட ஆதாரங்களிலிருந்து பின்வரும் முடிவுகளை எடுக்கலாம். கொமாட்டியைட்டை அமிழ்தல் மண்டலத்தின் நீர் செறிந்த குழம்பாகக் காணும் கோட்பாடு, களத்திலும் ஆய்வகத்திலும் நுண்துளிகளிலும் போதிய ஆதரவைப் பெறவில்லை. முற்றிலும் வறண்ட குழம்பு என்ற பழைய எடுகோளும் நிலைக்கவில்லை. கவசத்தின் அடியாழத்திலிருந்து எழுந்த, மிகச் சூடான, சிறிதளவு நீர் கொண்ட தூண்களின் விளைவு என்பதே இன்றுள்ள சான்றுகளுக்கு நெருக்கமாக நிற்கும் விளக்கம். அந்த வெப்பம் தூண்களின் வெப்பம். புவி முழுவதற்கும் அதைப் பொதுவாக்கக் கூடாது.

நீரைப் பற்றிய விவாதம் தோற்ற தரப்பின் வீண் முயற்சியாக முடியவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். நீரைத் தேடியதால்தான் நுண்துளிகள் அளக்கப்பட்டன. 330 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்கவசத்தில் நீர் இருந்தது என்ற செய்தி அதனால்தான் கிடைத்தது. அந்த நீர் புவி உருவான காலத்திலிருந்து அங்கேயே தங்கியதா, கடல்நீரால் மாற்றமடைந்த மேலோடு கீழே அமிழ்ந்து கொண்டுசென்றதா என்பது அடுத்த கேள்வி. 2019ஆம் ஆண்டு ஆய்வு, துளிகளின் குளோரின் மிகுதியையும் ஹைட்ரஜன் ஐசோடோப்பு விகிதத்தையும் காட்டி இரண்டாவது விடையை ஆதரிக்கிறது. அது உறுதிப்பட்டால், மேற்பரப்புப் பாறைகள் புவியின் ஆழத்துக்குத் திரும்பும் சுழற்சி 330 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றாகும். தார்வார் உள்ளிட்ட பிற பழந்திட்டுகளின் கொமாட்டியைட்டுகளில் மாற்றமடையாத ஆலிவின் படிகங்களைத் தேடிக் கண்டறிந்து இதே அளவைகளைச் செய்வதே இக்கேள்வியை முன்னெடுத்துச் செல்லும் வழி. வெப்பத்தை அறியத் தொடங்கிய ஆய்வு, புவித்தட்டுகள் அமிழத் தொடங்கிய காலத்தை அறியும் ஆய்வாக இப்போது வளர்ந்து நிற்கிறது.